தேசிய வனங்களில் பைக் நிகழ்ச்சிகளைத் தடை செய்யச் சொல்லும் மனு: கையெழுத்துப் போடலாமா?

நடைப்பிரியை எழுதியது:

வணக்கம். கலிபோர்னியாவில் ஃப்ரீமான்ட் நகரில் இருக்கிறோம். நாங்கள் மலை நடைக்குப் போகும் குழுவில் ஒரு மனு சுற்றி வருகிறது. கலிபோர்னியாவின் தேசிய வனங்களில் மண்பாதை மோட்டார்சைக்கிள் நிகழ்ச்சி எதற்கும் இனி அனுமதி தரக்கூடாது என்று வனத்துறையைக் கேட்கும் மனு. குழுவில் பாதிப் பேர் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். நான் இன்னும் போடவில்லை.

போடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். போன ஜூனில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மென்டசினோ காட்டில் லெட்ஸ் ஏரிப் பக்கம் கூடாரம் போட்டோம். மூன்று மணி நேரம் ஓட்டிப் போனதே அந்த அமைதிக்காகத்தான். சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு ஆரம்பித்த பைக் சத்தம் மாலை வரை ஓயவில்லை. இரவு பத்து மணிக்கு மேலும் இரண்டு மூன்று பேர் கூடாரங்களைச் சுற்றிச் சுற்றி ஓட்டினார்கள். சின்னவள் பயந்து அழுதுவிட்டாள்.

இந்தக் குழுமத்தில் பைக் ஓட்டுகிறவர்கள் சிலர் இருப்பது தெரியும். அவர்கள் தரப்பையும் கேட்டுவிட்டு முடிவு செய்யலாம் என்று எழுதுகிறேன். தடை வேண்டாம் என்றால் ஏன்?

மண்பாதை எழுதியது:

சகோதரி, கையெழுத்துப் போடுவதற்கு முன் கேட்டதற்கு நன்றி. நான் ஒன்பது வருடமாக அந்தக் காட்டில் ஓட்டுகிறேன். பழைய சுசுகி டிஆர்-இசட் 400 ஒன்று வைத்திருக்கிறேன். அதற்குச் சாலை நம்பர் பிளேட்டும் உண்டு. இந்தத் தடை வேண்டாம் என்பது என் கருத்து. ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் அந்த இரவு. குழந்தைகள் தூங்கும் இடத்தைச் சுற்றி ஓட்டியது அசிங்கமான செயல். அதற்காக வருத்தப்படுகிறேன். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். நான் கலந்துகொண்ட நிகழ்ச்சி எதிலும் இருட்டிய பிறகு ஓட்டமே கிடையாது. மாலைக்குள் கடைசி ஆள் வந்து சேர்ந்தாக வேண்டும். வராவிட்டால் கடைசியில் வரும் தன்னார்வலர்கள் தேடிப் போவார்கள். உங்களிடம் படம் இருந்தால் பாருங்கள், வண்டியின் முன்னால் ஒரு எண் ஒட்டியிருந்ததா? நிகழ்ச்சிக்கு வந்தவர் ஒவ்வொருவருக்கும் ஓர் எண் உண்டு. அந்த எண்ணுக்குப் பின்னால் ஒரு பெயர், ஒரு கையெழுத்து, ஒரு காப்பீடு இருக்கிறது. எண் இல்லாமல் வந்து போகிறவனை யாராலும் தேடிப் பிடிக்க முடியாது.

ஒரு நிகழ்ச்சி எப்படி நடக்கிறது என்று பார்த்தால் என் பேச்சு புரியும். தேசிய வனத்தில் 75 பேர் அல்லது அதற்கு மேல் கூடினாலே சிறப்பு அனுமதி வாங்க வேண்டும். கட்டணம் வசூலிக்கும் நிகழ்ச்சிக்குக் கண்டிப்பாக வேண்டும். எந்தப் பாதை, எத்தனை வண்டி, எந்த நாள், கழிப்பறை எங்கே, ஆம்புலன்ஸ் எப்படி வரும், எல்லாவற்றையும் பல மாதங்களுக்கு முன்பே எழுதிக் கொடுக்கிறோம். வனத்துறை உயிரியலாளர் "இந்த ஓடைப் பக்கம் வேண்டாம்" என்றால் வரைபடத்திலிருந்து அந்தத் துண்டை எடுத்துவிடுவோம். நிகழ்ச்சி நாளன்று விடியற்காலையில் வரிசையில் நின்று வண்டியைச் சோதனைக்குக் கொடுக்க வேண்டும். சைலன்சர் வாயிலிருந்து 20 அங்குல தூரத்தில் மீட்டரை வைத்துச் சத்தம் அளப்பார்கள். 1986 முதல் தயாரான வண்டிகளுக்குக் கலிபோர்னியாவில் 96 டெசிபல்தான் உச்சம். அடுத்தது சைலன்சருக்குள் தீப்பொறி தடுக்கும் வலை இருக்கிறதா என்று ஒரு குச்சியை உள்ளே விட்டுப் பார்ப்பார்கள். இல்லையென்றால் வந்த வழியே திரும்ப வேண்டியதுதான். நானூறு மைல் தாண்டி வந்த ஒருவரை அப்படித் திருப்பி அனுப்பியதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். பாவமாக இருந்தது, ஆனால் சரியான முடிவு.

சாதாரண சனிக்கிழமை ஒன்றில், மென்டசினோ காட்டை ஒட்டிய ஸ்டோனிஃபோர்ட் ஊரில் வந்து இறங்குகிறவர்களுக்கும் இதே சட்டம்தான். ஆனால் அவர்களை வரிசையாக நிறுத்தி ஒவ்வொரு வண்டியாகச் சோதிக்க அங்கே ஆள் கிடையாது. இவ்வளவு பெரிய காட்டுக்கு ரேஞ்சர்கள் எத்தனை பேர்? ஒரு வண்டி விடாமல் சோதிக்கப்படும் நாள் என்றால் அது நிகழ்ச்சி நாள்தான். மனு அந்த நாளைத்தான் நிறுத்தச் சொல்கிறது.

இன்னொன்றும் உண்டு. தடை வந்தாலும் அந்தப் பாதைகள் அப்படியே திறந்துதான் இருக்கும். 1972இல் நிக்சனும் 1977இல் கார்ட்டரும் போட்ட ஆணைகள், அப்புறம் 2005இல் வந்த வனத்துறை விதி, இவற்றால் எந்த வண்டி எந்தப் பாதையில் போகலாம் என்று ஒவ்வொரு தேசிய வனத்துக்கும் வரைபடம் போட்டாகிவிட்டது. அதில் இல்லாத தடத்தில் போனால் குற்றம். முன்பு பல காடுகளில் கண்ட இடத்தில் ஓட்டினார்கள், மலைச்சரிவில் நேராக ஏறினார்கள். அந்தத் தழும்புகள் இன்றும் தெரியும். அந்தக் காலத்தை நான் நியாயப்படுத்த மாட்டேன். ஆனால் இப்போது நிகழ்ச்சிகளும் அந்த வரைபடப் பாதைகளில்தான் நடக்கின்றன. நிகழ்ச்சியை மட்டும் தடை செய்தால் அதே பாதையில் அதே வண்டிகள் வரும். பொறுப்பாளர் மட்டும் இருக்க மாட்டார்.

அப்புறம் பராமரிப்பு. எனக்கு இதுதான் மனதுக்கு நெருக்கமான விஷயம். 2018இல் ரான்ச் தீ ஸ்டோனிஃபோர்ட் பக்கக் காட்டை எரித்தது. மென்டசினோ காம்ப்ளெக்ஸ் என்ற இரட்டைத் தீயில் பெரியது அது, நான்கு லட்சம் ஏக்கருக்கு மேல். 2020இல் ஆகஸ்ட் காம்ப்ளெக்ஸ் என்ற தீ, பத்து லட்சம் ஏக்கருக்கு மேல். முதல் தீ, குளவிக் கூட்டை அடைக்க ஒருவர் இரும்பு முளையைச் சுத்தியலால் அடித்தபோது பறந்த பொறியால் வந்தது என்று தீயணைப்புத் துறை சொன்னது. இரண்டாவதுக்கு மின்னல் காரணம். பைக் பொறியாலும் தீ வரலாம், அதனால்தான் அந்த வலையைக் குச்சி விட்டுப் பார்க்கிறார்கள்.

தீக்குப் பிறகு அந்த மலை எப்படி இருந்தது தெரியுமா? கரிந்த பைன் மரங்கள் பாதைக்குக் குறுக்கே ஐம்பது அடிக்கு ஒன்றாக விழுந்து கிடந்தன. புல் பூண்டு இல்லாத சரிவில் மழை பெய்தால் தண்ணீர் பாதையையே வாய்க்காலாக எடுத்துக்கொள்ளும். நான் போடிநாயக்கனூர்க்காரன். தாத்தா தோட்டத்தில் மடை வெட்டிவிட்ட கை இது. பாதை வேலையும் அதே வேலைதான். இத்தனை அடிக்கு ஒருமுறை பாதைக்குக் குறுக்கே சாய்வாக ஒரு மண்மேடு எழுப்பி, தண்ணீரை வெளிப்பக்கச் சரிவில் திருப்பிவிட வேண்டும். அந்த மேடு ஒரு மழைக்காலம் கவனிக்கப்படாமல் கரைந்தால், அடுத்த மழைக்காலத்தில் முழங்கால் ஆழத்துக்கு அறுத்துக்கொண்டு போகும். அந்த மண் முழுக்க ஓடைக்குப் போய்ச் சேரும். மீன் முட்டையிடும் கூழாங்கல் இடுக்கெல்லாம் சேறு அடைத்துவிடும்.

அந்த மேடுகளைத் திரும்ப எழுப்பியதில் எங்கள் பைக் கிளப்புக்குப் பெரிய பங்கு உண்டு. ஒரு பக்கம் மண்வெட்டி, மறுபக்கம் பல்வாரி உள்ள மெக்லவுட் என்ற கருவியைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தே போவோம். மரம் அறுக்க வனத்துறையிடம் சான்றிதழ் வாங்கியவர்கள் மட்டும் சங்கிலி ரம்பத்தைத் தொடுவார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் இந்த வேலைக்கு வருகிறவர்கள் யார்? நிகழ்ச்சிக்கு முதன்முறை வந்து, எங்களோடு சாப்பிட்டு, பெயர் கொடுத்துவிட்டுப் போனவர்கள். நானும் அப்படி வந்தவன்தான். நிகழ்ச்சிக் கட்டணத்தில் மிஞ்சுகிற பணம் கருவி வாங்கப் போகிறது. நிகழ்ச்சி இல்லாவிட்டால் கிளப் மெல்லச் செத்துப்போகும். கிளப் போனால் மடையைப் பார்க்க ஆள் இல்லை.

அரசுப் பணமும் பெரும்பாலும் ஓட்டுகிறவர்களிடமிருந்துதான். 1971இலிருந்தே கலிபோர்னியாவில் இதற்கென்று ஒரு சட்டம் இருக்கிறது. சாலைக்கு வெளியே ஓட்டும் வண்டிகளின் பதிவுக் கட்டணம், அவை எரிக்கும் பெட்ரோலின் வரியில் ஒரு பங்கு, எல்லாம் ஒரு நிதியில் சேர்ந்து வனங்களுக்கு மானியமாகப் போகிறது. ரேஞ்சர் சம்பளம், பாதைப் பராமரிப்பு, சிதைந்த சரிவை மூடி மறுபடி செடி நடுவது வரை அதில் உண்டு. 2017இல் அதை நிரந்தரமாக்கினார்கள்.

எங்கள் ஊர் விஷயம் ஒன்று சொல்லி முடிக்கிறேன். 2018 மார்ச்சில் குரங்கணி மலையில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அம்மா போனில் அழுதது இன்னும் காதில் இருக்கிறது. இனி யாரும் மலைக்கே போகக்கூடாது என்று ஊரே பேசியது. ஆனால் அரசு அதே ஆண்டு மலையேற்றத்துக்கு விதிகள் கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் 40 பாதைகளை முன்பதிவோடும் பயிற்சி பெற்ற வழிகாட்டிகளோடும் திறந்தார்கள். அவ்வளவு பெரிய துக்கத்துக்குப் பிறகும், யார் போகிறார்கள் என்று தெரிந்து, கூட ஆள் அனுப்பி, கணக்கு வைத்துக்கொள்ளும் வழியைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். இங்கே அந்தக் கணக்கு ஏற்கெனவே இருக்கிறது. அதைத்தான் மனு கிழிக்கச் சொல்கிறது.

பொள்ளாச்சிக்காரன் எழுதியது:

மண்பாதை சார், மரியாதையோடு ஒரு கேள்வி. டாப்ஸ்லிப்பில் இப்படி நூறு பைக் விட்டால் நீங்களே சும்மா இருப்பீர்களா? அங்கே தவறு, இங்கே சரியா?

மண்பாதை எழுதியது:

நல்ல கேள்வி. டாப்ஸ்லிப்பில் விட்டால் முதல் ஆளாக நானே எதிர்ப்பேன். அது புலிகள் காப்பகம், யானை நடமாட்டம் உள்ள காடு. அதற்கு ஈடாக இங்கே பார்க்க வேண்டியது வனாந்தரம் என்று சட்டம் குறித்த இடங்களை. 1964 சட்டப்படி அவற்றுக்குள் மோட்டார் எதுவும் நுழையக்கூடாது, சைக்கிள்கூடக் கூடாது. ஸ்டோனிஃபோர்டுக்கு மேலேயே ஸ்னோ மவுண்டன் என்று அப்படி ஒரு பகுதி இருக்கிறது. அதன் எல்லையில் நான் வண்டியை நிறுத்திவிட்டு நடந்துதான் போயிருக்கிறேன். அந்தக் கோடு அப்படியே இருக்க வேண்டும்.

மற்ற தேசிய வனம் வேறு வகை. அங்கே மரம் வெட்டுகிறார்கள், மாடு மேய்கிறது, வேட்டைக்கு வருகிறார்கள். 1960 சட்டமே பொழுதுபோக்கு, மேய்ச்சல், மரம், நீர், வனவிலங்கு என்று ஐந்தையும் சேர்த்துத்தான் சொல்கிறது. மரம் ஏற்றும் லாரிக்குப் போட்ட மண்சாலைகளிலும் நாங்கள் ஓட்டுகிறோம். இரண்டையும் ஒரே தராசில் வைக்க வேண்டாம் என்பதுதான் என் வேண்டுகோள்.

த்ராட்டில்93 எழுதியது:

எதற்கு இவ்வளவு விளக்கம்? பொதுக் காடு, நம் வரிப்பணம், ஓட்டுவது நம் உரிமை. சத்தம் பிடிக்காதவர்கள் வேறு ஏரிக்குப் போகட்டும்.

மண்பாதை எழுதியது:

தம்பி, இதில் நான் உன் பக்கம் இல்லை. அந்த ஏரி அவர்கள் பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான். இப்படி ஒருவர் எழுதுவதைப் படித்துவிட்டு நாலு பேர் மனுவில் கையெழுத்துப் போடுவார்கள். உன் வண்டியில் மாற்று சைலன்சர் போட்டிருக்கிறாய் என்றால் முதலில் அதைக் கழற்று.

ஆந்தைக்காவல் எழுதியது:

நான் மனுவில் கையெழுத்துப் போட்டவள். மண்பாதை எழுதியதில் நிறைய நியாயம் இருக்கிறது, ஆனால் ஒரு முக்கியமான விஷயம் விடுபட்டிருக்கிறது. அந்தக் காடுகளில் புள்ளி ஆந்தை இருக்கிறது. 1990 முதல் அழியும் அபாயப் பட்டியலில் உள்ள பறவை. வட கலிபோர்னியத் தேசிய வனங்களில் செய்து 2011இல் வெளியான ஆய்வு ஒன்று உண்டு. ஆந்தைகளின் எச்சத்தைச் சேகரித்து அதில் அழுத்த ஹார்மோனை அளந்தார்கள். அதற்காகவே மோட்டார்சைக்கிளை அருகில் ஓட்டியும் பார்த்தார்கள். மே மாதத்தில் ஆண் ஆந்தைகளுக்கு அந்த ஹார்மோன் கூடியது. அந்தச் சமயத்தில் பெட்டைக்கும் குஞ்சுக்கும் இரை தேடுவது ஆண்தான். சத்தம் அதிகமான சாலைகளை ஒட்டிக் கூடு கட்டியவை குறைந்த குஞ்சுகளையே வளர்த்தன. ஒரு பைக் போவது வேறு, ஒரே நாளில் நூற்றுக்கணக்கில் போவது வேறு. உங்கள் காகிதமும் எண்ணும் ஆந்தைக்கு என்ன செய்யும்?

மண்பாதை எழுதியது:

அக்கா, அந்த ஆய்வை நானும் படித்திருக்கிறேன். படித்த பிறகு கிளப் கூட்டத்தில் இதை எடுத்தேன். மறைக்காமல் சொல்கிறேன், சுலபமாக ஒத்துக்கொள்ளவில்லை. அவர்கள் சொன்ன காரணமும் பொய்யில்லை. நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை மழை, ஈரமண்ணில் கூட்டமாக ஓட்டினால் பாதை நாசம். ஜூலையிலிருந்து தீ பயம். 2021 ஆகஸ்ட் கடைசியில் கலிபோர்னியாவின் தேசிய வனங்கள் கிட்டத்தட்ட எல்லாவற்றையும் பொதுமக்களுக்கு மூடினார்கள், நினைவிருக்கும். மிச்சமிருப்பது மே, ஜூன் மாதங்களும் அக்டோபர் கடைசியும்தான். வசந்தத்தில் பகல் நீளம், வெயில் இதம், அதனால் எல்லாரும் அதையே கேட்கிறார்கள்.

என் நிலைப்பாடு இது. ஆந்தை கூடு கட்டும் பள்ளத்தாக்குகள் வழியாக ஆகஸ்டுக்கு முன் கூட்டமாக ஓட்டக்கூடாது. ஒன்று பாதையை மாற்ற வேண்டும், இல்லை நிகழ்ச்சியை அக்டோபர் கடைசிக்குத் தள்ள வேண்டும். முதல் மழை தூசியை அடக்கிய பிறகு வரும் இரண்டு வாரம் மண்ணுக்கும் நல்லது. பகல் குறைவு என்றால் தூரத்தைக் குறைப்போம். எங்கள் கிளப்பில் அடுத்த தடவைக்கு அக்டோபர் தேதி கேட்டு விண்ணப்பிக்க ஒரு வழியாகச் சம்மதித்திருக்கிறார்கள்.

காகிதம் ஆந்தைக்கு என்ன செய்யும் என்று கேட்டீர்கள். "மே மாதம் வேண்டாம்" என்று அனுமதிச் சீட்டில் ஒரு வரி எழுதினால், நூற்றுக்கணக்கான வண்டிகள் அன்று அந்தச் சரிவில் இருக்காது. தனித்தனியாக வருகிறவர்களிடம் இப்படி ஒரு வரியில் சொல்ல முடியாது. அவர்களுக்கு அந்தப் பாதையையே பருவம் முழுக்க மூட வேண்டும், மூடினாலும் காவலுக்கு ஆள் வேண்டும். நீங்கள் வனத்துறைக்கு எழுதுங்கள். ஆந்தை எந்தப் பள்ளத்தாக்கில் இருக்கிறது, எந்த மாதம் எவ்வளவு தூரம் தள்ளி இருக்க வேண்டும் என்று உங்களுக்குத்தான் எங்களைவிட நன்றாகத் தெரியும். அனுமதியில் அந்த நிபந்தனை வந்தால் எங்கள் கிளப் கட்டுப்படும் என்பதற்கு நான் பொறுப்பு.

ஆந்தைக்காவல் எழுதியது:

அக்டோபர் என்பது எனக்குப் புதுச் செய்தி. எழுதுகிறேன். ஆனால் மனுவில் போட்ட கையெழுத்தை இப்போதைக்கு எடுக்க மாட்டேன். உங்கள் தேதி உறுதியாகட்டும், அப்புறம் பார்க்கலாம்.

மண்பாதை எழுதியது:

நியாயம். உறுதியானதும் இங்கேயே சொல்கிறேன்.

நடைப்பிரியை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. இரவு போன் முழுக்கத் தேடினேன். பகலில் எடுத்த படம் ஒன்றில் ஒரு வண்டியில் எண் தெரிகிறது. பின்னால் நிற்கும் இரண்டில் எதுவும் தெரியவில்லை. இரவில் சுற்றியவர்கள் இவர்கள்தானா என்று என்னால் சொல்ல முடியாது.

நான் மனுவில் கையெழுத்துப் போடப் போவதில்லை. அதற்குப் பதில் ஆந்தைக்காவல் அக்காவோடு சேர்ந்து வனத்துறைக்குத் தனியாக ஒரு கடிதம் எழுதலாம் என்று இருக்கிறேன். மே மாதத்தில் கூடாது, கூடாரம் போடும் இடங்களுக்கு அருகில் பாதை வரக்கூடாது, நிகழ்ச்சி நாட்களை முன்கூட்டியே எல்லோருக்கும் தெரியும்படி போட வேண்டும். இந்த மூன்றும்தான். அக்கா, சரியா? நடைக் குழுவில் இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும், பரவாயில்லை.

அண்ணா, ஒன்று மட்டும். இந்த வருடமும் பிள்ளைகள் அந்த ஏரிக்குத்தான் போக வேண்டும் என்கிறார்கள். எந்த வாரம் போனால் நிம்மதியாக இருக்கும்?

மண்பாதை எழுதியது:

மூன்றும் நல்ல கோரிக்கைகள். இரண்டாவதில் தூரத்தையும் குறிப்பிட்டு எழுதுங்கள். "அருகில்" என்று மட்டும் போட்டால் ஆளுக்கொரு அர்த்தம் எடுப்பார்கள். அரை மைல் என்று கேளுங்கள்.

அந்த எண் உள்ள படத்தை நாள், நேரத்தோடு ரேஞ்சர் அலுவலகத்துக்கு அனுப்புங்கள். அவர் தவறு செய்யவில்லை என்றால் அவருக்கு ஒன்றும் ஆகாது. கூட இருந்தவர்கள் யார் என்று அவரிடமாவது கேட்பார்கள்.

ஏரிக்கு வார நாளில் போக முடிந்தால் அதுதான் சிறந்தது. செவ்வாய், புதன் இரவுகளில் அங்கே தவளைச் சத்தம் மட்டும்தான் கேட்கும். சனி, ஞாயிறுதான் முடியும் என்றால் கிளம்பும் முன் ரேஞ்சர் அலுவலகத்துக்குப் போன் போட்டு, அந்த வாரம் எதற்காவது அனுமதி கொடுத்திருக்கிறார்களா என்று கேளுங்கள், சொல்வார்கள். நீண்ட விடுமுறை வார இறுதிகளில் மட்டும் வேண்டாம். அப்போது நிகழ்ச்சி இருக்கிறதோ இல்லையோ, பைக் ஓட்டுகிறவர்கள் கூடாரம் போடும் டேவிஸ் ஃப்ளாட் பக்கம் வண்டிகள் நிறைந்துவிடும்.

மழைக்கு முன் எங்கள் பாதை வேலை நாள் ஒன்று இருக்கும். தேதி முடிவானதும் போடுகிறேன். பிள்ளைகளையும் கூட்டி வாருங்கள், கையுறையும் சின்ன மண்வெட்டியும் நான் கொண்டு வருகிறேன். மடை வெட்டக் கற்றுக்கொடுக்கிறேன். மதியத்துக்கு வீட்டிலிருந்து புளியோதரை வரும்.